பாதி ஒத்துக்கொண்டவர் முழுசாக ஒத்துக்கொண்டதாகப் பதிவான கதை

அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசப் பயிற்சி கொடுப்பது என் தொழில். சில காலம் முன்பு ஒரு டெஸ்டிங் லீட், அதாவது மென்பொருளைச் சோதிக்கும் குழுவின் தலைவர், என்னிடம் வந்தார். பல வருட அனுபவம், இலக்கணப் பிழை என்று பெரிதாக எதுவும் கிடையாது, கூச்சமும் கிடையாது. வந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு மீட்டிங்கின் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, "இதுல நான் ஒத்துக்கிட்டேனா இல்லையா, நீங்களே சொல்லுங்க சார்" என்றார். கேட்டேன். ஒத்துக்கொண்டது போலவும் இருந்தது, மறுத்தது போலவும் இருந்தது. அவர் நினைத்தது இரண்டும் இல்லை, நடுவில் ஒன்று. அந்த நடு எங்கே தொலைந்தது என்பதுதான் இந்த ஆய்வு. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், வேலை விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். மென்பொருளின் புதிய பதிப்பை வெள்ளிக்கிழமை வெளியிடுவது, அதோடு சேர்த்துப் பழைய பதிவுகளை எல்லாம் புது டேட்டாபேஸுக்கு மாற்றும் மைக்ரேஷனையும் அன்றே முடித்துவிடுவது என்று திட்டம். மீட்டிங்கை நடத்திய மேலாளர் ஆங்கிலமே தாய்மொழியான ஒரு பெண்மணி. நம்மவருடைய கருத்து ரொம்பத் தெளிவானது: பதிப்பு தயார், அதை வெள்ளிக்கிழமை தாராளமாக வெளியிடலாம், மைக்ரேஷனை மட்டும் கொஞ்சம் டேட்டாவை வைத்து ஒரே ஒரு தடவைதான் சோதித்திருக்கிறோம், அது ஒரு வாரம் பொறுக்கட்டும். முக்கால்வாசி சம்மதம், கால்வாசி மறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலாளர் இவர் பெயரைச் சொல்லி, வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஓகேவா என்று கேட்கிறார். இவர் ‘யெஸ், யெஸ், ஐ அக்ரீ வித் த ஃப்ரைடே பிளான்’ என்கிறார். சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிறார். ஒரு நொடி, கூடிப்போனால் ஒன்றரை நொடி. அதற்குள் அந்தப் பக்கம் ‘கிரேட், தேங்க் யூ’ என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். வால்யூமைக் கூட்டிக் கேட்டால் அந்த ‘தேங்க் யூ’வுக்கு அடியில் இவருடைய ‘பட்’ நசுங்குவது கேட்கிறது.

பத்து நிமிடம் கழித்து எப்படியோ இடம் பிடித்து இரண்டாவது வாக்கியம்: ‘ஐ கம்ப்ளீட்லி டோன்ட் அக்ரீ வித் த மைக்ரேஷன்.’ அழைப்பில் ஒரே மௌனம். இப்போதுதானே சரி என்றீர்கள் என்று மேலாளர் கேட்க, இவர் பதறிப்போய் ‘நோ, நோ, தட்ஸ் ஃபைன்’ என்று பின்வாங்க, எதுவாக இருந்தாலும் எனக்கு மெயிலில் எழுதுங்கள் என்று முடித்துவிட்டார். மெயில் போனது: ‘ஐ ஹேவ் ஃப்யூ டவுட்ஸ் அபௌட் த மைக்ரேஷன்.’ பதிலாக மைக்ரேஷன் கையேட்டின் லிங்க் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை எல்லாமே சேர்ந்து போனது. மறுநாள் பழைய பதிவுகளில் தேதிகள் இடம் மாறிக் கிடந்தன, எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு நாள் பிடித்தது. அதுகூட அவரைப் பெரிதாக உறுத்தவில்லை. அடுத்த வாரம் எழுதப்பட்ட அறிக்கையில் டெஸ்டிங் தரப்பு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது என்று ஒரு வரி இருந்தது, அந்த வரிதான் அவரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

முதல் வாக்கியம்: ‘தான்’ எங்கே போனது?

நான் அவரிடம் முதலில் கேட்டது, இதையே தமிழில் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று. யோசிக்கவே இல்லை, "வெள்ளிக்கிழமை போடலாம்தான், ஆனா..." என்றார். நிறுத்துங்கள் என்றேன். அந்த ‘தான்’தான் விஷயமே. "போடலாம்" என்றால் சம்மதம், பேச்சு முடிந்தது. "போடலாம்தான்" என்று இழுத்தால், கேட்கிற எந்தத் தமிழரும் அடுத்து வரப்போகும் ‘ஆனா’வுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார், நடுவில் நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் காத்திருப்பார். "சரி"க்கும் "சரிதான்"க்கும் உள்ள தூரமும் இதேதான். பாதி உடன்பாட்டைக் காட்டும் வேலையை நமக்கு ஓர் ஒட்டு செய்துகொடுத்துவிடுகிறது. அதை நாம் செய்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது, அதனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது அது கூட வரவில்லை என்பதும் தெரியாது. இவர் ‘தான்’ஐ வாசலிலேயே விட்டுவிட்டு வெறும் ‘ஐ அக்ரீ’யோடு உள்ளே போயிருக்கிறார்.

ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று குரல். ‘அக்ரீ’ என்ற இடத்தில் குரலை இறக்கி மறுபடி ஏற்றினால், இன்னும் முடியவில்லை, ஒரு ‘பட்’ வருகிறது என்று அர்த்தம். ரெக்கார்டிங்கில் நம்மவர் குரல் ‘பிளான்’ என்ற சொல்லில் நேராக இறங்கி உட்கார்ந்துவிட்டது, ஆங்கிலக் காதுக்கு அது முற்றுப்புள்ளி. குரல் ஏற்ற இறக்கத்தைப் பழகலாம்தான், ஆனால் பழக நாளாகும், சுமாரான இணைய இணைப்பில் அது பாதி கரைந்தும் போகும் என்பதால் நான் அதன்மேல் பாரத்தைப் போடுவதில்லை. இன்னொரு வழி ‘டூ’, ‘நானும்’ என்று பொருள்படும் ‘டூ’ இல்லை, ‘டூ, டஸ், டிட்’ வரிசையில் வருகிற ‘டூ’. ‘ஐ அக்ரீ’ என்பது போடலாம். ‘ஐ டூ அக்ரீ’ என்பது கிட்டத்தட்ட போடலாம்தான். ‘ஐ டூ ஸீ யுவர் பாயிண்ட்’ என்று ஒருவர் ஆரம்பித்தால் உங்கள் கருத்தை அவர் தள்ளி வைக்கப்போகிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன், பள்ளியில் ‘டூ’வை வெறும் அழுத்தத்துக்காக என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வரிசையும் ஒரு காரணம். தமிழில் "நான் ஒத்துக்கொண்டாலும்" என்று சொல்லும்போது அந்த ‘ஆலும்’ கடைசியில்தான் வருகிறது, அதுவரை கேட்டுக்கொண்டிருக்க நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’, ‘வைல்’ என்று முதல் சொல்லிலேயே எச்சரிக்கை வந்துவிடும். முதல் சொல்லில் எச்சரிக்கை இல்லை என்றால் எச்சரிக்கையே இல்லை என்று எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். மேலாளர் இவரை வேண்டுமென்றே வெட்டவில்லை. அவர் மொழிப் பழக்கத்தின்படி இவர் பேசி முடித்துவிட்டார்.

போதாக்குறைக்கு அந்த ‘யெஸ், யெஸ்.’ நம் "ம், சரி, சரி" வெறும் காது கொடுக்கும் சத்தம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஒப்புதல் கேட்கும் கேள்விக்கு ‘யெஸ்’ என்று இரண்டு முறை சொன்னால் அது இரட்டைக் கையெழுத்து.

இரண்டாவது: ‘நாட்’ எங்கே நிற்கிறது

எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வாக்கியம்தான், ஏனென்றால் இதில் சொற்கள் எல்லாம் சரி, இடம் மட்டும்தான் தப்பு. அவர் மனதில் ஓடியது "எனக்கு முழுசா உடன்பாடு இல்லை." இந்தத் தமிழ் வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. உடன்பாடு இருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை என்பது ஒன்று. உடன்பாடு சுத்தமாக இல்லை என்பது இன்னொன்று. பேசும்போது நாம் குழம்புவதில்லை, "முழுசாவெல்லாம் உடன்பாடு இல்லை" என்றோ "முழுசாவே உடன்பாடு இல்லை" என்றோ ஓர் ஒட்டைப் போட்டுப் பிரித்துவிடுகிறோம், இல்லாவிட்டால் குரலால் பிரிக்கிறோம். ஆங்கிலம் இதை இடத்தால் பிரிக்கிறது. மறுப்பு முதலில் வந்து அளவுச் சொல் பின்னால் வந்தால், ‘ஐ டோன்ட் கம்ப்ளீட்லி அக்ரீ’, பாதி சம்மதம். அளவுச் சொல் முந்திக்கொண்டால், ‘ஐ கம்ப்ளீட்லி டோன்ட் அக்ரீ’, ஒரு துளியும் சம்மதமில்லை. ‘ஐ டோன்ட் ரியலி அக்ரீ’ என்பது மெதுவாகக் கதவைச் சாத்துவது, ‘ஐ ரியலி டோன்ட் அக்ரீ’ என்பது அறைந்து சாத்துவது. இரண்டே சொல் இடம் மாறுகிறது.

அதே ரெக்கார்டிங்கில் இதன் தம்பி ஒன்றும் இருந்தது: ‘ஆல் த டேட்டா இஸ் நாட் டெஸ்டட்.’ டேட்டா எல்லாவற்றையும் சோதிக்கவில்லை என்று சொல்ல வந்தார், எதையுமே சோதிக்கவில்லை என்றும் அதைக் கேட்கலாம். ‘நாட் ஆல்’ என்று ‘நாட்’டை முன்னால் தூக்கிப் போட்டிருந்தால் தீர்ந்தது.

மூன்றாவது: ஒரு ‘எ’ இல்லாத மெயில்

இது சட்டென்று முடிகிற விஷயம். ‘எ ஃப்யூ டவுட்ஸ்’ என்றால் சில சந்தேகங்கள். ‘ஃப்யூ டவுட்ஸ்’ என்றால் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ள அனேகமாக எதுவும் இல்லை. அவர் ஆபத்தை எழுதினார், மேலாளர் நிம்மதியைப் படித்தார். அதோடு ‘டவுட்’ என்ற சொல்லே இந்திய ஆங்கிலத்தில் கேள்வி என்ற பொருளில் ஓடுகிறது, வகுப்பில் கை தூக்கி ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்கிற அதே டவுட். மற்றவர்களுக்கு டவுட் என்றால் நம்பிக்கையின்மை. மேலாளர் இந்தியர்களோடு வேலை செய்து பழகியவர், அதனால் இவருக்கு ஏதோ கேள்வி இருக்கிறது போல என்று கையேட்டை அனுப்பிவிட்டார். பாவம், அவர் இவரைப் புரிந்துகொள்ள முயன்றதுதான் கடைசி ஆணி. ‘கன்சர்ன்’ என்று எழுதியிருந்தால் அந்த மெயிலுக்கு லிங்க் பதிலாக வந்திருக்காது.

இது இவருடைய பலவீனம் மட்டும்தானா?

இல்லை. ஆங்கிலேயரோ அமெரிக்கரோ, அவர்களும் மறுப்பை நேராகச் சொல்வதில்லை. உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்த அனிதா பொமெரான்ட்ஸ் 1984இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பிட்டுப் பிட்டு வைக்கிறது: சம்மதம் என்றால் பதில் உடனே வருகிறது, மறுப்பு என்றால் தாமதம், ஒரு ‘வெல்’, அப்புறம் ஒரு பலவீனமான ‘யெஸ்’, அதற்குப் பிறகுதான் மறுப்பு. ஒருவர் பிரமாதம் என்றதற்கு மற்றவர் ம், நல்லா இருக்கு என்று ஒரு படி இறங்கிச் சம்மதித்தாலே மறுப்பு பின்னால் நிற்கிறது என்று அர்த்தம். நம்மவர் ‘யெஸ், யெஸ்’ஸைப் பட்டென்று சொல்லிவிட்டு தாமதத்தை அதற்குப் பின்னால் வைத்தார். தாமதம் முன்னால் வந்திருந்தால் மேலாளர் தானே ‘பட்?’ என்று கேட்டிருப்பார்.

பெனலோப்பி பிரவுனும் ஸ்டீஃபன் லெவின்சனும் 1978இல் முதலில் வெளியிட்டு 1987இல் புத்தகமாகவும் கொண்டுவந்த பணிவுக் கோட்பாட்டில், பேருக்குச் சம்மதித்துவிட்டுப் பிறகு மாறுபடுவது ஓர் உத்தியாகவே பட்டியலில் இருக்கிறது. அவர்கள் தரவு திரட்டிய மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்ஸிகோவின் ட்செல்தால், அப்புறம் நம் தமிழ். இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒருவராவது நிமிர்ந்து உட்காருவார். மழுப்பத் தெரியாதவர்கள் இல்லை நாம், உலகளாவிய ஒரு கோட்பாட்டுக்கே உதாரணம் கொடுத்தவர்கள். கருவி மாறும்போதுதான் கை தடுமாறுகிறது.

சிகிச்சை, அதில் வந்த பக்கவிளைவு

முதல் வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். ஹெட்ஜிங் சொற்றொடர்களை, அதாவது சொல்வதை மழுப்பி மென்மையாக்கும் சொற்களை, ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தேன்: ‘டு சம் எக்ஸ்டென்ட்’, ‘அப் டு எ பாயிண்ட்’, ‘கைண்ட் ஆஃப்’, ‘இன் பிரின்ஸிபிள்’, ‘ஐ டேக் யுவர் பாயிண்ட், பட்’, ‘தட் மே பி ட்ரூ, பட்’. அவர் நல்ல மாணவர், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து அடுத்த மீட்டிங்கிலேயே ஒரே மூச்சில் இறக்கிவிட்டார்: ‘ஐ கைண்ட் ஆஃப் அக்ரீ டு சம் எக்ஸ்டென்ட், பட் மேபி தேர் குட் பி சம் ஸார்ட் ஆஃப் இஷ்யூஸ் இன் சம் ஏரியாஸ்.’ மேலாளர் ‘ஓகே, குட் டு நோ’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். மரியாதையாகத்தான் இருந்தது, தகவல்தான் இல்லை.

என் பட்டியலில் என்ன குறை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மொழியியலாளர் எலன் பிரின்ஸ், இன்னும் இருவருடன் சேர்ந்து, மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஆராய்ந்து 1982இல் எழுதியதில் ஹெட்ஜை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று விஷயத்தையே மங்கலாக்குவது, ‘ஸார்ட் ஆஃப்’ போல. மற்றது விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு, பேசுகிறவர் அதற்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதை மட்டும் மங்கலாக்குவது, ‘ஐ திங்க்’ போல. நம்மவர் மங்கலாக்கியது ‘சம் இஷ்யூஸ் இன் சம் ஏரியாஸ்’ என்று விஷயத்தை. எவ்வளவு உறுதியாக மறுக்கிறேன் என்பதை மழுப்பலாம், எதை மறுக்கிறேன் என்பதை மழுப்பவே கூடாது. அதன் பிறகு நாங்கள் செய்த பயிற்சி முழுக்க இந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

ஜார்ஜ் லேக்காஃப் 1972இல் ‘ஹெட்ஜ்’ என்ற சொல்லை மொழியியலில் பரப்பியபோதே, பொருளை மங்கலாக்கும் சொற்கள் என்று நிறுத்திக்கொள்ளவில்லை, மங்கலைக் குறைக்கும் சொற்கள் என்றும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தப் பின்பாதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஹெட்ஜ் என்றால் செடி நட்டு வளர்த்த வேலி. எந்த இடம் வரை என் நிலம் என்று வேலிதான் காட்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒரு தீர்ப்பைப் பகுதி ஏற்று, பகுதி மறுத்துத் தனியாக எழுதும் வழக்கம் உண்டு. இன்ன பகுதிகளில் சேர்ந்துகொள்கிறேன், இன்னதில் மாறுபடுகிறேன் என்று எண் போட்டே சொல்லிவிடுவார்கள். அவரிடம் இதைக் காட்டி, உங்கள் வாக்கியத்திலும் அந்த எண் தெரிய வேண்டும் என்றேன்.

நாங்கள் செதுக்கி எடுத்த வாக்கியம் இது: ‘ஐ’ம் ஃபைன் வித் ஃப்ரைடே ஃபார் எவ்ரிதிங் எக்ஸெப்ட் த மைக்ரேஷன். ஐ’ம் நாட் கம்ஃபர்ட்டபிள் வித் தட் யெட்.’ இதில் ‘அக்ரீ’யே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘எக்ஸெப்ட்’ இருப்பதால் மூச்சு வாங்க இடைவெளியும் இல்லை, சம்மதமும் விலக்கும் ஒரே வாக்கியத்துக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன, நடுவில் யாரும் ‘தேங்க் யூ’ சொல்ல முடியாது. மென்மை முழுவதும் ‘நாட் கம்ஃபர்ட்டபிள்’, ‘யெட்’ என்ற இரண்டு இடத்தில் இருக்கிறது. குறிப்பாக அந்த ‘யெட்’, இப்போதைக்கு மட்டும்தான் மறுப்பு என்று கதவைத் திறந்தே வைக்கிறது.

பட்டியலில் இருந்த மற்றவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘தட் மே பி ட்ரூ, பட்’ நமக்குச் சுலபமாக வரும், ஏனென்றால் அது அப்படியே நம் "இருக்கலாம், ஆனா". ‘ஐ டோன்ட் டிஸக்ரீ’ நம் "உடன்பாடு இல்லாமல் இல்லை". ‘ஐ ஸீ யுவர் பாயிண்ட்’ சம்மதமே இல்லை, புரிகிறது என்பதோடு சரி. ‘இன் பிரின்ஸிபிள்’ என்றால் நடைமுறையில் மாட்டேன். ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ என்பதில் மரியாதை பெயரில்தான் இருக்கிறது, கைகலப்புக்கு முந்தைய சொல் அது, தவிர்த்துவிடுங்கள். ‘க்வைட்’ ஆளைப் பொறுத்தது: ‘க்வைட் குட்’ பல பிரிட்டிஷ்காரர்களுக்குப் பரவாயில்லை, அமெரிக்கர்களுக்கு ரொம்ப நல்லது. ‘அப் டு எ பாயிண்ட்’டில் ஒரு பொறி உண்டு. ஈவ்லின் வா 1938இல் எழுதிய ‘ஸ்கூப்’ நாவலில், பத்திரிகை முதலாளி சொல்வது சரியாக இருந்தால் ‘டெஃபினிட்லி’, தப்பாக இருந்தால் ‘அப் டு எ பாயிண்ட், லார்ட் காப்பர்’ என்று பதில் சொல்லும் ஓர் ஊழியர் வருவார். அதைப் படித்தவர்கள் காதில் இந்தச் சொற்றொடர் கிண்டலாக விழும். எதுவரை என்று உடனே சொல்லிவிட்டால் தப்பிக்கலாம்.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுகிறவர்களிடமும் இதே வியாதியைப் பார்க்கிறேன். எழுத்துத் தேர்வின் இரண்டாம் கேள்வி பல முறை எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்றுதான் கேட்கும். பிள்ளைகள் ‘ஐ பார்ஷியலி அக்ரீ’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, எந்தப் பாதி என்று கடைசி வரை சொல்லாமலே 250 சொற்களைத் தாண்டிவிடுகிறார்கள்.

பிறகு

அடுத்த வெளியீட்டிலும் மைக்ரேஷன் மறுபடி திட்டத்தில் வந்தது, அவர் செதுக்கிய வாக்கியத்தைச் சொன்னார். மேலாளர் கேட்ட அடுத்த கேள்வி, கம்ஃபர்ட்டபிள் ஆக உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. முழு டேட்டாவோடு இரண்டு சோதனை ஓட்டம் என்றார், கிடைத்தது. குறிப்பேட்டில் மைக்ரேஷன் தவிர மற்றதற்கு ஒப்புதல் என்று பதிவானது, அந்த வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.

ஒன்று மட்டும் இன்னும் போகவில்லை, அந்த ‘யெஸ், யெஸ்’. அதற்குப் பதில் ‘ரைட்’ சொல்லிப் பார்த்தார், அதுவும் சம்மதமாகவே விழுந்தது. இப்போது ‘ம்ம்’ என்கிறார். போன வாரம் அனுப்பிய ரெக்கார்டிங்கில் இவர் ‘ம்ம், ம்ம்’ என்றதும் மேலாளர் பேச்சை நிறுத்தி, ‘இஸ் தட் எ யெஸ்?’ என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். ‘யெஸ் டு ஃப்ரைடே, நாட் யெட் டு த ரெஸ்ட்’ என்கிறார் இவர், நடுவில் மூச்சு வாங்காமல்.